கலத்தலும் கலப்படமும்: இணையவழி, கலப்புமுறைக் கல்லூரிப் படிப்புகள் குறித்து

(கட்சி உறுப்பினர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

உயர்கல்வி குறித்து ஒன்றிய அரசும் பல்கலைக்கழக மானியக் குழுவும் வெளியிடும் ஆவணங்களில் 'பிளெண்டட்' என்ற ஆங்கிலச் சொல் அண்மைக் காலமாக ஓயாமல் வருகிறது. தமிழில் அதைக் 'கலப்புமுறை' என்று எழுதுகிறோம். ஆவணங்களை மொழிபெயர்க்கும் வேலையில் இருப்பதால் இச்சொல்லின் முன் நான் பலமுறை தயங்கி நின்றதுண்டு. தமிழில் கலத்தல் வேறு, கலப்படம் வேறு. பாலில் தேனைச் சேர்த்தால் அது கலத்தல். நீரைச் சேர்த்தால் அது கலப்படம். இந்த வேறுபாட்டை அந்த ஆங்கிலச் சொல் காட்டுவதில்லை. கலப்பவர் யார், எதனோடு எதைக் கலக்கிறார், எந்த அளவில் கலக்கிறார், கலந்ததைப் பருகப் போகிறவர் யார் என்ற கேள்விகளை எழுப்பினால்தான் வேறுபாடு புலப்படும். இன்றைய உரை இந்தக் கேள்விகளைப் பற்றியதே.

நம்மிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. இணையவழிக் கல்வி என்றாலே கார்ப்பரேட் சூழ்ச்சி, அதை முற்றாக எதிர்க்க வேண்டும் என்பது ஒன்று. வேலைக்குச் சென்றுகொண்டே பட்டம் பெற ஏழைக்குக் கிடைத்த வழி, அதை ஏன் எதிர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி உள்ளது. எந்த வடிவத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்ளாததால்தான் இவை மோதிக்கொள்கின்றன.

வடிவங்கள்

முதலாவது, பழைய அஞ்சல்வழிக் கல்வி. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் இதைத் தொடங்கியது. அச்சிட்ட பாடங்கள் வீடு தேடி வரும். இடையிடையே நேர்முக வகுப்புகள் நடக்கும். தேர்வு கூடத்தில் நடைபெறும். இன்றைய தொலைநிலைக் கல்வி இதன் வளர்ச்சியே.

இரண்டாவது, முழு இணையவழிப் பட்டப்படிப்பு. சேர்க்கை, பாடம், ஒப்படைப்பு யாவும் இணையத்திலேயே முடியும். இதற்குள்ளும் இரு வகை உண்டு. நேரலை வகுப்பில் ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் திரையின் இருபுறமும் இருப்பர். ஐயம் எழுந்தால் அப்போதே கேட்கலாம். பதிவு செய்த பாடத்தை மாணவர் தமக்கு வாய்த்த நேரத்தில் பார்க்கலாம். இரவுப் பணி செய்யும் தொழிலாளிக்கு இரண்டாவது வகையே பொருந்தும். ஆனால் அவரது கேள்விக்கு அந்தத் திரை பதில் சொல்லாது.

மூன்றாவது, 'மூக்' எனப்படும் பெருந்திரள் திறந்தநிலைப் பாடம். 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் சேர்ந்தது உலகின் கவனத்தை ஈர்த்தது. மறு ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் ஆகியவை தோன்றின. நம் நாட்டில் ஐஐடிகளின் என்பிடெல் விரிவுரைகள் அதற்கு முன்பே இருந்தன. 2017 ஜூலையில் ஒன்றிய அரசு 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கியது. பாடம் இலவசம், சான்றிதழுக்கான தேர்வுக்குக் கட்டணம் உண்டு. சேர்வோரில் மிகச் சிறு பகுதியினரே இறுதிவரை முடிக்கின்றனர் என்பது இவ்வடிவத்தின் உலக அனுபவம்.

நான்காவது, கலப்புமுறை. ஒரே பாடத்தின் ஒரு பகுதி வகுப்பறையிலும் மறு பகுதி இணையத்திலும் நடக்கும்.

ஐந்தாவது, தலைகீழ் வகுப்பறை. விரிவுரையை மாணவர் வீட்டில் பார்த்து வருவார். வகுப்பு நேரம் விவாதத்திற்கும் பயிற்சிக்கும் பயன்படும். உண்மையாக நடத்தினால் இதில் வகுப்பு நேரம் குறையாது. ஆசிரியரின் வேலை கூடும்.

ஆறாவது, இருவழி வகுப்பு. ஒரே நேரத்தில் சில மாணவர்கள் அறையிலும் சிலர் திரையிலும் இருப்பர். கொரோனாவுக்குப் பின் கல்லூரிகள் திறந்தபோது பல இடங்களில் இது நடந்தது. இரண்டு வகுப்புகளுக்கான கவனத்தை ஆசிரியர் ஒரு வகுப்பின் ஊதியத்துக்குச் செலுத்த வேண்டியிருந்தது.

இந்த ஆறில் எதுவும் தன்னளவில் நல்லதோ தீயதோ அன்று. வகுப்பறையோடு கூடுதலாக வருகிறதா, வகுப்பறையின் இடத்தை எடுத்துக்கொள்கிறதா என்பதே உரைகல்.

நமக்கும் ஒரு மரபு உண்டு

தொலைவிலிருந்து கற்பது முதலாளித்துவச் சந்தையின் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டியதில்லை. பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு, 1971இல் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. லேபர் கட்சிப் பிரதமர் ஹெரால்டு வில்சன் முன்வைத்த திட்டம் அது. அதை நிறைவேற்றிய அமைச்சர் ஜென்னி லீ, ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். முன்தகுதி கேட்காமல் எவரையும் சேர்த்துக்கொள்வது, வானொலியையும் தொலைக்காட்சியையும் பயன்படுத்துவது என்பன அதன் கொள்கைகள். பலரும் மறந்துவிடும் இன்னொரு கூறும் அதற்கு உண்டு. ஊர்தோறும் வழிகாட்டும் ஆசிரியர்கள் இருந்தனர். கோடைக்கால நேர்முகப் பள்ளிகள் நடந்தன. திரைக்குப் பின்னால் மனிதர்கள் இருந்தனர்.

இந்தியாவில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982இல் ஆந்திரத்தில் உருவாயிற்று. இன்று அது டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பெயரைத் தாங்கி ஹைதராபாத்தில் இயங்குகிறது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. படிப்பை இடையில் விட்ட பெண்கள், ஆலைத் தொழிலாளர், கடைநிலை அரசு ஊழியர் எனப் பல லட்சம் பேருக்கு அது பட்டம் தந்தது. நம் தோழர்களிலும் அப்படிப் பட்டம் பெற்றவர்கள் உண்டு. கல்லூரியை எட்ட முடியாதவரிடம் கல்லூரியைக் கொண்டுபோன ஏற்பாடு அது. இன்று நடப்பதோ, கல்லூரிக்குள் வந்துவிட்டவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு.

நூற்றில் முப்பத்தாறு

இதைக் கணக்கிட்டே காட்டலாம். 2020 ஜூலை 29 அன்று ஒன்றிய அமைச்சரவை தேசியக் கல்விக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்பு, 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஒரு செமஸ்டரில் ஒரு பட்டப்படிப்பின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்க அனுமதிக்கலாம். 2021இல் இந்த வரம்பு 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் மயானங்களில் இடமின்றி மக்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, மானியக் குழு கலப்புமுறை குறித்த கருத்துருவைச் சுற்றுக்கு விட்டது. ஸ்வயம் அல்லாத ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்று அது கூறியது. ஆசிரியர் சங்கங்களும் இடதுசாரி மாணவர் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன.

இரண்டு வரம்புகளையும் ஒரு கல்லூரி உச்ச அளவில் கையாள்கிறது என்று கொள்வோம். நூறு மணி நேரக் கல்வியில் 40 மணி நேரம் ஸ்வயத்துக்குப் போய்விடும். எஞ்சிய 60 மணி நேரத்தில் 40 சதவீதம், அதாவது 24 மணி நேரம், இணையத்துக்குப் போகும். ஆசிரியரும் மாணவரும் ஓர் அறையில் சந்திக்க மீதமிருப்பது 36 மணி நேரம். நாற்பது சதவீதம் என்ற சொல்லைக் கேட்பவர், பாதிக்கு மேல் வகுப்பறைதானே என்று ஆறுதல் கொள்வார். இரண்டு நாற்பதுகளைச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய அளவுதான் வகுப்பறை.

ஆசிரியர் பணியிடங்கள் வகுப்பு நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. ஸ்வயத்துக்குப் போகும் 40 மணி நேரத்துக்கு அந்தக் கல்லூரியில் ஆசிரியர் தேவையில்லை. ஐந்து பேருக்கு இருந்த வேலை மூவருக்கு உரியதாகச் சுருங்கும். முதலில் வெளியேற்றப்படுபவர் யார்? பல ஆண்டுகளாகக் குறைந்த ஊதியத்தில் உழலும் கௌரவ விரிவுரையாளர்களும் ஒப்பந்த ஆசிரியர்களும்தான். நிரப்பப்படாத இடங்கள் அதன்பின் காலியிடங்கள் என்ற பெயரையும் இழந்துவிடும். அவ்விடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் உரிய இட ஒதுக்கீடும் அவற்றோடு மறையும்.

யாருக்குத் திரை, யாருக்கு வளாகம்?

2020ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை உரையை நினைவுகூர்க. தேசியத் தரவரிசையில் முதல் நூறு இடங்களில் உள்ள நிறுவனங்கள் முழு இணையவழிப் பட்டப்படிப்புகளைத் தொடங்கும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். யாருக்காக? சமூகத்தில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் உயர்கல்வியை எட்ட முடியாதோருக்கும் தரமான கல்வி தருவதற்காக என்று அவரே விளக்கினார். அதாவது, சிறந்த நிறுவனத்தின் வளாகம், நூலகம், விடுதி, ஆய்வகம் ஆகியவை ஒரு பிரிவினருக்கு. அந்நிறுவனத்தின் காணொலி இன்னொரு பிரிவினருக்கு. பிரிவினை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்டும் பெரிய விவாதம் எழவில்லை.

மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் மருத்துவம், பொறியியல், செவிலியம், சட்டம், வேளாண்மை முதலியவற்றைத் தொலைநிலையிலோ முழு இணையவழியிலோ நடத்தத் தடை விதிக்கின்றன. அது சரியான தடையே. ஆனால் அதன் பொருளையும் காண வேண்டும். நேரில் கற்பித்தால்தான் சரிவரும் என்று ஆட்சியாளரே ஒப்புக்கொள்ளும் படிப்புகள் உள்ளன. மொழி, வரலாறு, பொருளியல், வணிகவியல் போன்றவற்றுக்குத் திரை போதும் என்று அவர்கள் கருதுகின்றனர். அரசுக் கல்லூரிகளில் முதல் தலைமுறை மாணவர்கள் பெருமளவில் சேர்வது இந்தப் படிப்புகளில்தான்.

அந்த மாணவரின் வீட்டில் என்ன இருக்கிறது? தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று 2017-18இல் நடந்தது. கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம், நகரங்களில் 23.4 சதவீதம். இணைய வசதி இருந்த குடும்பங்கள் கிராமங்களில் 14.9 சதவீதம், நகரங்களில் 42 சதவீதம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் மூவரில் ஒருவர் மட்டுமே.

அதன்பின் திறன்பேசிகள் பரவிவிட்டன, இந்தக் கணக்கு பழையது என்று சிலர் வாதிடலாம். பரவியது உண்மை. ஆயினும் திறன்பேசி வகுப்பறை ஆகிவிடாது. ஒரே அறையில் ஐவர் வாழும் வீட்டில் கையளவுத் திரையில் பொருளியல் வரைபடத்தைப் பார்க்கும் மாணவியை எண்ணிப் பாருங்கள். வீட்டின் ஒரே பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடும். திரும்பி வந்தபின் தம்பியின் முறை. அடுப்பு வேலை முடிந்தபிறகே அவளுக்கு. கல்லூரிக்குச் செல்லும் நாளில் ஐந்து மணி நேரமாவது அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களுக்கும் கல்லூரி என்பது பாடம் கேட்கும் இடம் மட்டுமன்று. வீட்டையும் சேரியையும் சாதித் தெருவையும் விட்டு வெளியேறி, பிறரோடு சமமாக அமரும் இடம். மாணவர் சங்கம் உருவாவதும் அங்கேதான். நாற்பது சதவீத நாட்கள் வளாகம் வெறிச்சோடினால் யாருக்கு நிம்மதி என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இணையம் அரசின் கைவிசை என்பதையும் மறந்துவிடலாகாது. 2019 ஆகஸ்ட் 5க்குப் பின் காஷ்மீரில் அதிவேக இணையம் துண்டிக்கப்பட்டு 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. நாடெங்கும் இணையவழி வகுப்புகள் நடந்த பெருந்தொற்றுக் காலத்தில் காஷ்மீர் மாணவர்கள் 2ஜி வேகத்தில் விரிவுரைகளைத் தரவிறக்கிக்கொண்டிருந்தனர். 2023 மே மாதம் முதல் மணிப்பூரிலும் பல மாதங்கள் இணையம் முடக்கப்பட்டது. கல்லூரியை இணையத்துக்கு மாற்றினால் ஓர் ஆணையில் வகுப்புகள் அனைத்தையும் நிறுத்திவிடலாம்.

உழைப்பும் அதன் பதிவும்

'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் ஒரு பள்ளி ஆசிரியரை எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். முதலாளியின் மூலதனம் இறைச்சிப் பண்ட ஆலையில் போடப்பட்டாலும் கல்வி ஆலையில் போடப்பட்டாலும் உறவு மாறுவதில்லை என்பது அவரது கருத்து. 1867இல் அது ஓர் எடுத்துக்காட்டு. இன்று அது ஒரு தொழில்துறை. வகுப்பறையில் ஆசிரியரின் உழைப்பு அந்த மணி நேரத்தோடு முடிகிறது. நாளை அவர் மீண்டும் வர வேண்டும். அதைப் பதிவு செய்துவிட்டால், முடிந்துபோன உழைப்பு ஆயிரம் முறை விற்கத்தக்க சரக்காகிறது. உயிருள்ள உழைப்பை அது வெளியேற்றுகிறது. தம் குரலே தம் பணியிடத்தை ரத்து செய்யும் நிலை ஆசிரியருக்கு வாய்க்கிறது.

அமெரிக்காவில் இது முன்பே நடந்தது. 2013இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்தில், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெலின் நீதி குறித்த காணொலிப் பாடத்தைப் பயன்படுத்துமாறு தத்துவத் துறையிடம் கூறப்பட்டது. துறையினர் மறுத்து அவருக்கே வெளிப்படையான கடிதம் எழுதினர். வசதி படைத்தோர் பேராசிரியரை நேரில் காண, உழைக்கும் வர்க்க மாணவர்கள் அவரது காணொலியைக் காணும் இருவகைப் பல்கலைக்கழகங்கள் உருவாகும் என்று எச்சரித்தனர். அதே ஆண்டு அப்பல்கலைக்கழகம் உடாசிட்டி நிறுவனத்துடன் சோதனையாக நடத்திய இணையவழிப் பாடங்கள், தேர்ச்சி குறைந்ததால் இடையில் நிறுத்தி வைக்கப்பட்டன.

எட்எக்ஸின் கதையும் படிப்பினை தருவது. ஹார்வர்டும் எம்ஐடியும் 2012இல் இலாப நோக்கமற்ற தளமாக அதைத் தொடங்கின. 2021இல் '2யூ' என்ற நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு அதை விற்பதாக அறிவித்தன. 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பொதுச் சொத்தாகத் தொடங்கியது தனியார் கைக்குப் போய்க் கடனில் மூழ்கப் பன்னிரண்டே ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. நம் நாட்டிலும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டப்படிப்புகளை விளம்பரம் செய்ததால், அத்தகைய உரிம ஒப்பந்தங்களுக்கு அனுமதி இல்லை என்று 2022 ஜனவரியில் மானியக் குழுவே எச்சரிக்க நேர்ந்தது.

இடமில்லை என்ற வாதம்

கல்லூரிகளில் இடமில்லை, ஆகவே திரைதான் வழி என்பார்கள். உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 28.4 சதவீதம். 2035க்குள் அதை 50 சதவீதமாக்குவோம் என்கிறது கல்விக் கொள்கை. இந்த இலக்கை எட்ட இரு வழிகள் உள்ளன. கல்லூரி கட்டி, ஆசிரியரை நியமித்து, விடுதி திறந்து எட்டுவது ஒன்று. இணையத்தில் பதிவு செய்தோரின் பெயர்களைக் கூட்டிக் காட்டுவது மற்றொன்று. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் என்பது 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி ஆணையம் முதல் ஒலிக்கும் கோரிக்கை. புதிய கொள்கையும் அதையே எழுதி வைத்துள்ளது. நாடு இன்றுவரை அந்த அளவை எட்டியதில்லை. முதல் வழிக்குப் பணம் ஒதுக்காதவர்கள் இரண்டாம் வழியைப் புதுமை என்று அழைக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியவை

எனவே, தோழர்களே, நம் நிலைப்பாடு வெறும் மறுப்பாக இருக்க முடியாது. நல்ல விரிவுரை இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது நல்லது. உடல்நலம் குன்றிய மாணவர் தவறிய வகுப்பைப் பதிவில் பார்ப்பது நல்லது. பணிபுரிவோருக்குத் தொலைநிலைக் கல்வி விரிவடைய வேண்டும். இவை யாவும் கலத்தல். கலப்படத்தைத் தடுக்கச் சில தெளிவான கோரிக்கைகள் தேவை.

ஒன்று, இணையப் பாடம் வகுப்பு நேரத்துக்குக் கூடுதலாகவே இருக்க வேண்டும். ஆசிரியர் பணியிடங்களை முழு நேரக் கணக்கில் நிர்ணயித்து, இட ஒதுக்கீட்டின்படி நிரப்ப வேண்டும்.

இரண்டு, எந்தப் பாடத்தை எந்த அளவில் இணையத்தில் நடத்துவது என்பதை ஆசிரியரும் மாணவர் பிரதிநிதிகளும் அமர்ந்த கல்விக் குழு முடிவு செய்ய வேண்டும்.

மூன்று, கருவிக்கும் இணையத்துக்கும் ஆகும் செலவை அரசு ஏற்க வேண்டும். கணினிக் கூடமும் நூலகமும் மாலையிலும் திறந்திருக்க வேண்டும்.

நான்கு, ஆசிரியரின் ஒப்புதலின்றி அவரது விரிவுரைப் பதிவை மறுபடி பயன்படுத்தலாகாது.

ஐந்து, தொலைநிலை மாணவருக்கும் நேர்முக வகுப்பும், கேள்வி கேட்க ஓர் ஆசிரியரும், தாய்மொழியில் பாடநூலும் உறுதி செய்யப்பட வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றிவிட்டுத் தாய்மொழிக் கல்வி என்று பெயர் சூட்டுவதை ஏற்க முடியாது.

ஆறு, தளங்கள் பொதுத் துறையில் இருக்க வேண்டும். மாணவர் தரவுகள் விற்பனைக்குப் போகலாகாது.

இங்கிருந்து திரும்பியதும் ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக் கல்லூரி மாணவர்களிடமும் விரிவுரையாளர்களிடமும் மூன்று விவரங்களைக் கேட்டறிய வேண்டும். இந்த செமஸ்டரில் எத்தனை பாடங்கள் ஸ்வயத்துக்கு மாற்றப்பட்டன? எத்தனை வகுப்பு நேரம் குறைந்தது? எத்தனை ஆசிரியர் வேலையிழந்தார்? இந்த மூன்று எண்களும் கையில் இருந்தால், மாணவரையும் பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே கோரிக்கையின் கீழ்த் திரட்ட முடியும். அந்த எண்களைத் திரட்டும் வேலையை இந்த வாரமே தொடங்குவோம்.